சபேசன் பெயருக்கு எதிரே

இயற்பியல் துறையின் நடைகூடத்தில் பழைய ஆசிரியர்களின் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதப் போகிறீர்கள் என்றும், எழுத வேண்டியதை நான் ஒருமுறை சரிபார்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எதில் ஆராய்ச்சி செய்தார் என்று ஒரு வரி. எங்கள் தலைவருக்கு ‘திரவங்களில் ஒளிச்சிதறல்’. சரி. எனக்குக் ‘காந்தவியல்’. சரி. சபேசனுக்கு ‘வளிமண்டல மின்சாரம்’. இது தவறு. பெயின்டர் வருவதற்குள் திருத்தியாக வேண்டும். ஏன் தவறு என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை பக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘உடைப்பு’ என்ற வழக்கம் துறையில் இன்னமும் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன மாதம் அதில் மனம் நொந்துபோனாராம். அவரும் இதைப் படிக்கட்டும்.

போர்க்காலத்தில், பட்டணத்தின் மேல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதி ஜனம் வெளியூருக்குக் கிளம்பியபோது, எங்கள் துறையையும் பிரித்து வைத்தார்கள். மின்சாரம் இல்லாமல் நடக்கக்கூடிய ஆராய்ச்சிகள் மட்டும் பூந்தமல்லிக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே காதர் பாய் என்ற பூ வியாபாரியின் மாடிவீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. தலைவர் தம் சோதனைகளுக்குச் சூரிய ஒளியையே பயன்படுத்துபவர், அதனால் வந்தார். சபேசனுக்கு வேண்டியது மேகமில்லாத வானம், அவரும் வந்தார். என் பெரிய காந்தம் நகர்த்த முடியாமல் பட்டணத்திலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் கைவீசிக்கொண்டு வந்தேன். ஆராய்ச்சி இல்லாத ஆராய்ச்சியாளனாக அந்த வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான்.

சபேசன் மொட்டைமாடியில் இரண்டு கழிகளை நட்டு, அவற்றின் இடையே ஒரு கம்பியைக் கட்டினார். தெளிந்த நாளில் தரைக்கு மேலே காற்றில் ஒரு மின்னழுத்தம் எப்போதும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கம்பி வாங்கும். கீழே கதவு ஜன்னல் சாத்திய அறையில் மின்மானிக்குக் கொண்டுவரும். இருட்டில் ஓர் ஒளிப்புள்ளி அளவுகோலின் மேல் நகரும். சபேசன் அதன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

கம்பி கட்டிய அன்றே காதர் பாய் மேலே ஏறி வந்து பார்த்தார். மாடியை அவர் மெத்தை என்பார்.

“இன்னா வாத்யாரே, மெத்தை மேல கம்பி இஸ்த்துக் கட்டிகினு கீறீங்க. இடி வுழுந்தா எங்கூடுதானே போவும்?”

“இடி வந்தா முதல்ல எனக்குத் தெரிஞ்சுடும் பாய்,” என்றார் சபேசன்.

“தெரிஞ்சு இன்னா பண்ணப் போறே? என்னைக் கூப்புட்டு சொல்லுவியா, வுழப்போவுதுன்னு?”

சபேசன் தற்காலிக விரிவுரையாளர். அந்த மாதக் கடைசியோடு அவருடைய நியமனம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் பல்கலைக்கழகக் குழுவின் உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து அவருடைய ஆராய்ச்சியைப் பார்க்கப் போகிறார். நீட்டிக்காவிட்டால் அவருக்கு வேறு வழி தயாராக இருந்தது. அதுதான் அவருக்குப் பயம். மாமனார் ரயில்வே கணக்கு ஆபீசில் ஒரு நாற்காலியைப் பேசி வைத்திருந்தார். “அந்த நாற்காலிக்குக் கைப்பிடிகூட இருக்காம்பா. ஒருதடவை உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது,” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவரிடம் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. மாலையில் சூரியன் இறங்கும் நேரத்தில் அந்த ஒளிப்புள்ளி மெல்ல நடுக்கோட்டுக்கு வந்து, அதைத் தாண்டி மறுபக்கம் போகும். அதாவது காற்றின் மின்னழுத்தம் குறி மாறுகிறது. சற்று நேரம் அங்கேயே நின்று, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பும். மழை இல்லை, மேகம் இல்லை, இடி இல்லை. ஏறக்குறைய நாள் தவறாமல் நடந்தது. இரண்டு மாலைகள் மட்டும் நடக்கவில்லை. கம்பியின் தாங்கிகளில் ஈரம் ஏறி மின்னேற்றம் கசிந்திருக்கும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார். சூரியன் மறையும்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அடுக்கடுக்காகப் பிரிகிறது, அந்தப் பிரிவுதான் குறியை மாற்றுகிறது என்று விளக்கமும் எழுதிவிட்டார். நல்ல விளக்கம். படித்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது.

இங்கேதான் எங்கள் தலைவரின் வழக்கம் குறுக்கே வந்தது. ஒரு முடிவு அச்சுக்குப் போகும் முன், அந்தப் பொருளில் ஆர்வமே இல்லாத ஒருவரிடம் அது ஒரு வாரம் போகும். அதை உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: உடைப்பவர் கருவியைத் தொடக்கூடாது.

“அதே ஆர்வம் உள்ளவன் அதே தப்பைத்தான் பண்ணுவான். அதே கருவியைத் தொட்டா அதே தப்புதான் வரும்,” என்பார் தலைவர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பலகையில் முதலில் இருப்பவர், அது போதும்.

உடைக்கும் வேலை எனக்கு வந்தது. வேறு யாரும் சும்மா இல்லை. குழு உறுப்பினர் வரப்போவதும் அதே சனிக்கிழமைதான்.

“மெதுவா உடை. நான் பிள்ளைகுட்டிக்காரன்,” என்றார் சபேசன்.

கருவியைத் தொடக்கூடாது என்றால், கருவி இருக்கும் அறையில் எனக்கு என்ன வேலை? நான் வெளியே போய் நின்றேன். முதலில் சாலையைச் சந்தேகப்பட்டேன். ஆவடிப் பக்கம் போகும் ராணுவ லாரிகள் சாயங்காலத்தில் வரிசையாக வரும், புழுதி எழும்பும். புழுதிக்கு மின்னேற்றம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லாரி வரவில்லை, ஒளிப்புள்ளி மட்டும் வழக்கம்போல் திரும்பியது. அடுத்து அடுப்புப் புகை. காற்று புகையை எதிர்த்திசையில் கொண்டுபோன நாளிலும் புள்ளி திரும்பியது. இரண்டும் உடையவில்லை. சபேசன் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே உயரமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் காதர் பாயின் பூமுற்றம். மதியத்துக்கு மேல் தோட்டங்களில் பறித்த மல்லிகை மொட்டு மூட்டைகளாக அங்கே வந்து சேரும். இரவு வண்டியில் ஏற்றினால் விடியும்போது பட்டணத்துச் சந்தை. அதுவரை மொட்டு விரியக்கூடாது. அதனால் பூவைத் தரையில் கொட்டும் முன் முற்றத்தைக் குளிர வைப்பார்கள். ஐந்தாறு பெண்கள் வரிசையாக நின்று, கால்வாயிலிருந்து குடம் குடமாக ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து, கல்தளத்தின் மேலும் சுற்றிலும் தொங்கவிட்ட சாக்குப் படுதாக்களின் மேலும் ஓங்கி அடித்தார்கள். தண்ணீர் சிதறித் தூளாகி மதிலுக்கு மேலே எழும்பியது. என் மூக்குக்கண்ணாடி நனைந்தது.

அந்தக் கண்ணாடியைத் துடைத்தபோதுதான் புரிந்தது. தண்ணீர் மோதிச் சிதறினால் துளிகள் ஒரு குறியையும் சுற்றியுள்ள காற்று எதிர்க்குறியையும் எடுத்துக்கொள்ளும். அருவிகளுக்குப் பக்கத்தில் இதை அளந்திருக்கிறார்கள். எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. சபேசனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தண்ணீர் அடிக்கும் நேரமும் சூரியன் இறங்கும் நேரமும் ஒன்று. அந்த நேரத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். காற்றை அளந்தவர் ஒருநாள்கூடக் காற்றில் நிற்கவில்லை.

இப்போது என்ன செய்வது? வழக்கப்படி சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அன்று குழு உறுப்பினர் அங்கே உட்கார்ந்திருப்பார். சபேசன் முதன்முதலாக அதைக் கேட்பது அவர் எதிரில் என்றாகும். அல்லது சொல்லாமல் விட்டு, நியமனம் நீடித்த பிறகு சொல்லலாம். அப்படிச் செய்தால் அச்சில் வந்த பிறகு வேறு யாராவது உடைப்பார்கள். அப்போது நாற்காலி மட்டுமல்ல, பெயரும் போகும். நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. நேரே சபேசனிடம் போனேன். அது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அவர் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். “நீ பார்த்தது ஒருநாள். நான் பார்த்தது ஒரு மாசம்.”

“ஒரு மாசமா நீ அறைக்குள்ள இருந்தே.”

“உனக்குக் காந்தம் இல்லை, வேலை இல்லை. என் வேலையையும் இல்லாம பண்ணலாம்னு வந்திருக்கே.”

“சரி, நான் சொல்றது தப்புன்னு காட்டு. சூரியன்தான் காரணம்னா, நடுப்பகல்ல தண்ணி அடிச்சா உன் புள்ளி அசையக்கூடாது. அசையலைன்னா சனிக்கிழமை நானே உன் கட்டுரைக்கு வாழ்த்துப் பா பாடறேன்.”

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மதிலோரம் வந்து நின்றது அவர்தான். முற்றத்துப் பெண்களுக்குத் தலைவி முனியம்மா. ஊரையே அதட்டும் குரல். சபேசன் மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார்.

“அம்மா, கொஞ்சம் இப்போ தண்ணி அடிக்க முடியுமா?”

“இன்னாது? பூவே வர்ல, எதுக்கு நைனா தண்ணி?”

“எனக்காக.”

“உனுக்கா? குளிக்கணும்னா கால்வா கீது, போய் எறங்கு.”

பெண்கள் சிரித்தார்கள். காதர் பாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “அடிச்சுக் குட்த்துடு முனியம்மா. வாடகை ஒயுங்கா குடுக்குற ஆளுங்க.”

“இந்த வெயில்ல ஒருத்தருக்கும் புத்தி நெலையா இல்ல,” என்று சொல்லிக்கொண்டே அவள் குடத்தைத் தூக்கினாள். சபேசன் அறைக்கு ஓடினார். நான் கதவருகே நின்றேன். வெளியே தண்ணீர் ஓங்கி அடிபடும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து ஒளிப்புள்ளி நகர்ந்தது, நடுக்கோட்டைத் தாண்டியது, மறுபக்கம் போய் நின்றது. உச்சிவெயில் நேரம்.

சபேசன் முக்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு, “கதவைத் திற. இங்கே என்ன இருட்டு,” என்றார்.

சனிக்கிழமை காலை குழு உறுப்பினர் வந்து இறங்கினார். வேறு ஊரில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கதர் கோட்டு, காதில் நரைமுடி, பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி, கேட்பவருடைய முகத்தைப் பார்க்கும் பழக்கம். தலைவர் அவரை அறைக்கு அழைத்து வந்தார். நான் வாயைத் திறக்கும் முன் சபேசன் எழுந்தார்.

“ஐயா, உங்களுக்கு அனுப்பின அறிக்கையில நான் எழுதினது தப்பு. காரணம் சூரியன் இல்லை. பக்கத்து முற்றத்தில தண்ணி அடிக்கிறாங்க, அதுதான். இப்பவே காட்டறேன்.”

குழு உறுப்பினர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சபேசன் மதிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். “தெனம் இதே வேலையாப் பூட்சு,” என்று முனியம்மாவின் குரல் கேட்டது. தண்ணீர் அடிபடும் சத்தமும் கேட்டது. எல்லோரும் அளவுகோலைப் பார்த்தோம்.

ஒளிப்புள்ளி அசையவில்லை.

மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

குழு உறுப்பினர் மெல்லச் சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. அவருக்கு இளைஞர் மேல் இரக்கம் வந்துவிட்டது. “அப்படின்னா உங்க தப்புதான் தப்பு. முன்னாடி எழுதினது சரியாத்தான் இருக்கு. எனக்கு அந்த விளக்கம் பிடிச்சிருந்தது. நான் பரிந்துரை எழுதிடறேன், நீங்க கட்டுரையை அனுப்புங்க,” என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

புது நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சபேசன் பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். கருவியே அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது, பெரியவர் ஒப்புக்கொண்டுவிட்டார், பேனா திறந்திருக்கிறது. வியாழக்கிழமை நடந்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். நான் பேச வாயெடுத்தேன். தலைவர் என் கையைப் பிடித்து, “தொடாதே,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

“எழுத வேண்டாம் ஐயா,” என்றார் சபேசன். “வியாழக்கிழமை அசைஞ்சது. இன்னிக்கு அசையலை. ரெண்டும் ஒரே தண்ணின்னா நான் சொல்றது தப்பு. கொஞ்சம் பொறுங்க.”

அவர் வெளியே போனார். நாங்கள் பின்னால் போனோம். மதிலைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக முற்றத்துக்குள் நுழைந்தார். பூ கொட்டும் இடம் என்பது கால் வைத்த பிறகுதான் நினைவு வந்து செருப்பைக் கழற்றினார். முனியம்மாவின் குடத்தில் கையை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்தார்; உடனே ஓரமாகத் துப்பினார்.

“உப்பு! ஏம்மா, இது எங்கே எடுத்தது?”

“கெணத்துல. காலீல மதகு மூட்டாங்க, கால்வாயில தண்ணி இல்ல. பூவுக்கு அடிக்கிற தண்ணிய எதுக்கு நைனா குடிக்கிறே?”

“இந்த மாசத்தில இதுக்கு முன்னாடி மதகு மூடினாங்களா?”

“நடுவுல ரெண்டு நாளு. கதவு ரிப்பேருன்னாங்க.”

சபேசன் திரும்பி என்னைப் பார்த்தார். புள்ளி திரும்பாத அந்த இரண்டு மாலைகள்! ஈரமும் இல்லை, தாங்கியும் இல்லை. உப்புக் கலந்த தண்ணீர் சிதறும்போது மின்னேற்றம் வெகுவாகக் குறைந்துவிடும்; இதுவும் பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருப்பதுதான்.

மதகு மூடினாலும் ஏரியில் தண்ணீர் இருக்கிறதே. காதர் பாயின் ஒற்றைமாட்டு வண்டியில் பீப்பாயை ஏற்றி அனுப்பினோம். வண்டி போய் வரும்வரை குழு உறுப்பினர் முற்றத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காதர் பாய் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து விசாரித்தார்.

“பெரியவரே, நீங்களும் இந்தக் கம்பி ஆளுதானா?”

“நான் பார்க்க வந்தவன்.”

“இன்னா கண்டுபிடிச்சாங்களாம்?”

“இதுவரைக்கும், அவங்க கண்டுபிடிச்சது தப்புன்னு கண்டுபிடிச்சிருக்காங்க.”

“அதுக்கா ஒரு மாசம் எம்மெத்தையில குந்திகினு இருந்தாங்க?” என்றார் பாய். பெரியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

வண்டி வந்தது. ஏரித் தண்ணீரை அடித்தார்கள். புள்ளி நடுக்கோட்டைத் தாண்டிப் போயிற்று. கிணற்றுத் தண்ணீரை அடித்தார்கள். நின்ற இடத்தில் நின்றது. குழு உறுப்பினர் தாமே அறைக்கும் முற்றத்துக்கும் நடந்து, எந்தக் குடம் எது என்று சபேசனுக்குச் சொல்லாமல் மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சபேசன் உள்ளேயிருந்து, “ஏரி”, “கிணறு” என்று சரியாகக் கத்தினார். முனியம்மாவும் கூடச் சேர்ந்து கத்தத் தொடங்கினாள். அதைப் பெரியவர்தான் தடுக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் பூ வந்தது. பீப்பாய் காலியாகிவிட்டதால் கிணற்றுத் தண்ணீரையே அடித்தார்கள். சூரியன் இறங்கியது. மறைந்தது. புள்ளி துளியும் அசையவில்லை. அந்த நல்ல விளக்கம் அதோடு முடிந்தது.

புறப்படும் முன் குழு உறுப்பினர் காரில் உட்கார்ந்தபடியே தம் காகிதத்தை எடுத்தார். “உங்க ஆராய்ச்சி எதிலன்னு ஒரு பத்தி இருக்கு. வளிமண்டல மின்சாரம்னு போட்டிருக்கீங்க. இனிமே அப்படிப் போட முடியாதே. என்ன எழுதட்டும்?”

சபேசன் யோசிக்கவில்லை. “தண்ணீர்னு எழுதுங்க ஐயா.”

பெரியவர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பழையதை அடித்துவிட்டு, தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார் பட்டணச் சாலையில் திரும்பியது.

அன்றைக்கு நடக்காத கூட்டம் திங்கட்கிழமை நடந்தது. “உடைச்சது யாரு?” என்று தலைவர் கேட்டார். “நான்தான்,” என்றார் சபேசன். நான் மறுக்கவில்லை, அது உண்மைதான். தலைவர் என் பக்கம் திரும்பி, “நீ வழக்கத்தை மீறி முன்னாடியே சொல்லிட்டே,” என்றார். ஆமாம் என்றேன். “அப்போ வழக்கத்தை மாத்திடலாம்,” என்றார். உடைப்பவர் முதலில் உரியவரிடம்தான் சொல்ல வேண்டும் என்ற விதி அன்று சேர்ந்தது. போன மாதம் மனம் நொந்தவரிடம் அவருடைய பிழையை யாராவது முதலில் தனியே வந்து சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை என்றால், வழக்கத்தின் பாதியைத்தான் நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்.

நியமனக் கடிதம் மாதம் முடியும் முன் வந்தது. மாமனாரின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். கடிதம் வந்த அன்று மாலை சபேசனைத் தேடி அறைக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது, முக்காலி காலி, மின்மானியின் எதிரே ஆளில்லை. மதிலுக்கு அப்பாலிருந்து முனியம்மாவின் குரல் கேட்டது:

“நைனா, நவுந்து நில்லு! உம்மேல ஊத்தவா, தரை மேல ஊத்தவா?”

பெயின்டரிடம் சொல்லுங்கள். சபேசன் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல். தண்ணீர்.